இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டில்மேல் கொட்டி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சின்னவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, நீ எனக்கு எப்ப புத்தகம் படிச்சுக் காட்டின?"

பெரியவளின் கையில் ஒற்றைக் காலுறை இருந்தது. அதன் ஜோடியைக் குவியலுக்குள் துழாவிக்கொண்டிருந்தாள். "எதுக்குக் கேக்கற?"

"நேத்து நூலகத்தம்மா போன் பண்ணாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மேடைக்கு நானும் வரணுமாம். 'உங்க அக்கா உங்களுக்குப் படிச்சுக் காட்டும்போது, முதல் வாக்கியம் முடிஞ்சதும் நீங்க கேக்கறீங்களான்னு நிமிர்ந்து பாப்பாங்களாமே, அந்த நிமிர்தலத்தான் கம்ப்யூட்டர் புரோகிராம்ல வெச்சிருக்காங்களாமே, கேட்டப்ப எனக்குத் தொண்டையே அடைச்சுக்கிச்சு'ன்னாங்க." சின்னவள் ஒரு துண்டை நாலாக மடித்து, ஓரங்களை விரலால் தடவிச் சரிபார்த்தாள். "எனக்கும் அடைச்சுக்கிச்சு. வேற காரணத்துக்கு."

சமையலறையிலிருந்து பெரியவளின் கணவர் குரல் கொடுத்தார். "உங்க அக்கா எனக்கு மருந்துச் சீட்டைக்கூடப் படிச்சுக் காட்டினதில்லம்மா. கண்ணாடி எங்கன்னு கேட்டா, தேடுங்கன்னுதான் பதில் வரும்."

"அத்தான், நீங்க டீயப் பாருங்க. பொங்கிடப்போகுது."

பெரியவள் சிரிக்கப் பார்த்தாள். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

நூலகத்தம்மா என்பவர் பார்வையற்றோருக்கான ஒரு நூலகத்தின் செயலாளர். அங்கே உள்ள கணினிகள் எல்லாவற்றிலும் பெரியவள் எழுதிய வாசிக்கும் நிரலைப் போடப்போகிறார்கள். அதற்கு ஒரு சின்ன விழா. புத்தகத்தைக் கொடுத்தால் அந்த நிரல் உரக்கப் படிக்கும். விலை கிடையாது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மட்டும் பெரியவள் கையில். பகலெல்லாம் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் கணினிப் பிரிவில் மாரடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பார்க்கிற வேலை அது. வீட்டில் அந்த நிரலுக்குச் 'சித்தி' என்று பெயர். அதன் குரல், திரிந்துபோன பாலை முகர்ந்து பார்த்த சித்தியின் குரல்போல இருக்கிறது என்று சின்னவள் வைத்த பெயர். வெளியே விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பதிப்பையும் கேட்டுப் பார்த்துக் குறை சொல்கிறவளும் அவள்தான். எலும்பு மருத்துவமனையில் மூட்டுகளைப் பிடித்து நீவிச் சரிசெய்வது அவள் வேலை. அந்த விரல்களைப் போலவே அவள் காதும். எங்கே பிசகியிருக்கிறது என்று சட்டென்று பிடித்துவிடும்.

"ஏதோ பேச்சுவாக்குல சொன்னேன்டி," என்றாள் பெரியவள். "நூலகத்துக் கூட்டத்துல கேட்டாங்க, எப்படி இந்த யோசனை வந்துச்சுன்னு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"அது சரி. ஆனா அந்த நிமிர்ந்து பாக்கறது நத்தையோடதுதானே?"

"எந்த நத்தை?"

அந்த இரண்டு சொற்களைச் சொன்ன கணத்தில் பெரியவள் நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில் இல்லை. பிறகு எத்தனையோ முறை அந்தக் கணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, நடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"என்னக்கா நீ. போன மழைக்காலத்துல உன் லேப்டாப்புல போட்டுக் காட்டினியே, யாரோ அனுப்பினாங்கன்னு. நத்தைங்கற பேர்ல. நான்கூடச் சிரிச்சேன். இது என்ன, அத்தியாயம் ஆரம்பிச்சு ஒரு வாக்கியம் சொன்ன உடனே, அடுப்புல எதையோ வெச்சுட்டு வந்த மாதிரி யோசிக்குதுன்னு. அப்புறம் கேக்கக் கேக்கப் பிடிச்சுப்போச்சு. கவிதை வந்தா மட்டும் வரிக்கு வரி யோசிக்கும், அத மட்டும் சரிபண்ணச் சொல்லுன்னேன்."

"ஆமா," என்றாள் பெரியவள். குரல் தன்னுடையதாக இல்லை.

"இப்ப நீ விட்ட புதுசுலயும் அதே யோசனை. கவிதைக்கு அதே வரிக்கு வரி. நத்தையோடத நீ சேத்துட்டன்னுல்ல நெனச்சேன். சரிதான், கவிதையை மட்டும் மறந்துட்டா போலன்னு."

காலுறையின் ஜோடி கிடைத்துவிட்டது. பெரியவள் இரண்டையும் சேர்த்துச் சுருட்டாமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

அவளுடைய மேசை படுக்கையறை ஜன்னலோரம் இருந்தது. எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் யாரோ தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணினியைத் திறந்து, வந்தவற்றின் வரிசைக்குப் போனாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ யார் யாரோ தங்கள் தூக்கத்தையும் விடுமுறையையும் செலவழித்து எழுதி அனுப்பிய திருத்தங்கள், இவள் எப்போது பார்ப்பாள் என்று அங்கே காத்துக் கிடக்கும். அந்த வரிசையைத் திறக்கும்போதெல்லாம் விருந்தாளிகளை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே முகம் கழுவிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு குற்ற உணர்வு வரும். அதனாலேயே அடிக்கடி திறக்கமாட்டாள்.

நத்தையுடையது திறந்திருந்தவற்றில் இல்லை. முடிந்தவற்றில் தேடிப் பிடித்தாள்.

மேலிருந்து படித்தாள். நத்தை அனுப்பியிருக்கிறார். 'அருமை, ஆனால் ரொம்பப் பெரிதாக இருக்கிறது, மூன்றாகப் பிரித்து அனுப்ப முடியுமா' என்று இவள் கேட்டிருக்கிறாள். பிரித்து அனுப்பியிருக்கிறார். 'சோதனைகளும் எழுதிச் சேர்த்தால் நன்று' என்றிருக்கிறாள். சேர்த்திருக்கிறார். அதற்குப் பிறகு இவள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, 'நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?' என்று ஒரு வரி. அதற்கும் இல்லை. அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் பெரிதாக நினைவில்லை. லிஃப்ட் ஏதாவது நின்றிருக்கும்.

பிறகு இவளுடைய புதிய பதிப்பு வெளிவந்த மறுநாள், நத்தையே, தான் அனுப்பியதைத் திரும்பப் பெற்று மூடியிருக்கிறார். 'இனி இது தேவையில்லை. உள்ளே வந்துவிட்டது. நன்றி.'

அந்த வரிக்குக் கீழே உயர்த்திய கட்டைவிரல் ஒன்று இருந்தது. யார் போட்டது என்று பார்க்க அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள். அவளேதான்.

இப்போது நினைவு வந்தது. பேருந்தில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தபோது அந்த வரி வந்திருந்தது. 'அப்பாடா, வரிசையில் ஒன்று குறைந்தது' என்று நினைத்தாள். விரலைப் போட்டாள். எது உள்ளே வந்துவிட்டது, யாருடையது வந்துவிட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டாள்.

நத்தையின் நிரலைத் திறந்தாள். நடுவில் ஒரு குறிப்பு இருந்தது. 'அப்பாவுக்குப் படிக்கும்போது முதல் வாக்கியம் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன், கேட்கிறாரா தூங்கிவிட்டாரா என்று. அந்த நிமிர்தலுக்கான இடம் இது.'

காதிரண்டும் சூடேறின. அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

திருடவில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது உண்மைதான். நத்தையுடையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் எழுதவில்லை. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தாள், எழுதினாள், அவ்வளவுதான். அன்றைக்கு எங்குமே தடுக்கவில்லை. அடுத்த வரி அடுத்த வரி என்று தானாக வந்து விழுந்தது. வழக்கமாக ஒரு வரிக்கு மூன்று தரம் தலையைப் பிய்த்துக்கொள்கிறவள், அந்தச் சுலபத்தைத் தன் கைத்திறமை என்று எடுத்துக்கொண்டாள். நடந்த வழியில் மறுபடி நடக்கும்போது கால் தடுக்காது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆனால் கூட்டத்தில் சொன்னதற்கு அந்தச் சமாதானமும் இல்லை. கேள்வி கேட்டவர் மைக்கை நீட்டினார். 'தங்கைக்குப் படித்துக் காட்டும்போது' என்று நாக்கு ஆரம்பித்தது. ஆரம்பித்ததை முடித்தது. கைதட்டினார்கள். கீழே இறங்கி வரும்போதே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் விளக்கு, சின்னவள் கட்டிலில் சாய்ந்திருக்க, தான் நாற்காலியில் புத்தகத்தோடு. அந்த அப்பாவும் அந்தப் பிள்ளையும் இருந்த இடத்தில் தங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள்.

சின்னவளுக்குப் பார்வை போனது கல்லூரிக் காலத்தில். பரீட்சைப் பாடங்களை அம்மாதான் படித்துக் காட்டினாள், எலும்புகளின் பெயர்களையெல்லாம் கடித்துத் துப்பியபடி. "நீ கொஞ்சம் படியேன்டி, எனக்கு வாயில நுழையல" என்று அம்மா கெஞ்சியபோது, "நான் அவளுக்குப் படிக்கற மாதிரி ஒரு புரோகிராமே எழுதித் தரேம்மா" என்றாள் பெரியவள். எல்லாரும் பெருமைப்பட்டார்கள். தன்னைப் பார்க்காத அந்தக் கண்களுக்கு எதிரே உட்கார முடியவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கத்தான் அத்தனையும் எழுதினாளோ என்னவோ.

*

மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் எங்கோ ஓர் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சித்திக்காக உழைக்கிறவர். நேரில் பார்த்ததில்லை. பெரியவளுக்கு அடுத்தபடி சேர்க்கிற உரிமை அவருக்குத்தான்.

எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது.

"அட, இதுக்கா மேடம் இவ்ளோ சங்கடம்? நாம என்ன சம்பளத்துக்கா செய்யறோம். நன்றிப் பக்கத்துல நத்தை பேரச் சேத்துடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுபோச்சு."

"எழுதினது அவருங்க. நன்றி சொன்னா உதவி பண்ணினாருன்னு ஆயிடும்."

"இப்ப உங்களத எடுத்துட்டு அவரோடதப் போட்டீங்கன்னா எல்லாருக்கும் தகவல் போகும் மேடம். ஏன்னு கேப்பாங்க. அடுத்த வாரம் விழா வேற."

"தெரியும்."

கத்தரி நின்றது. "ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. நத்தை எனக்குத் தனியா எழுதியிருந்தாரு. அவரோ, அவங்களோ, எதுவோ. 'நான் எழுதினது அவ்வளவு மோசமா இருந்துச்சா? மொதல்லேருந்து திரும்ப எழுதற அளவுக்கு? எங்க தப்புன்னு சொன்னா கத்துக்குவேன்'னு."

பெரியவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"மேடம்? இருக்கீங்களா?"

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அவங்க எப்பவுமே அப்படித்தான், எதையும் தன் கையால செஞ்சாத்தான் திருப்தி, மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னேன். உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா?"

பெரியவள் போனை வைத்தாள். திருடி என்று யாராவது சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். வாதாடியிருக்கலாம். அந்த மனிதர் அப்படி நினைக்கவே இல்லை. தன் எழுத்து சரியில்லை என்று நினைத்திருக்கிறார். குறையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு இவள் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறாள்.

நடந்ததை அழிக்க வழியில்லை. இந்த வேலையின் முறை அப்படி. யார், எப்போது, எதைச் சேர்த்தார்கள் என்பது ஒவ்வொருவருடைய கணினியிலும் நகலாக உட்கார்ந்திருக்கும். பழைய வரிக்கு மேல் புதிய வரி எழுதலாம், பழையதைச் சுரண்டி எடுக்க முடியாது. அவள் பெயர் போட்டுச் சேர்த்தது அவள் பெயரிலேயே கிடக்கும். அதன்மேல், 'இதை எடுத்துவிட்டேன், இன்ன காரணத்தால்' என்று ஊரறிய எழுதலாம். அவ்வளவுதான் முடியும்.

நத்தையின் நிரலைத் தற்போதைய பதிப்போடு சேர்க்கச் சொல்லிப் பார்த்தாள். இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள், எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே சொல் என்கிறது. திரையில் மேலே இங்கே இருப்பது, கீழே வந்திருப்பது. ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். இரண்டையும் ஒப்பிட்டு, நல்லதை எடுத்து, ஒட்டுப்போட்டு முடிப்பாள்.

இன்று படிக்கப் படிக்க உடம்பு கூசியது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றுதான். பெயர்கள்தான் வேறு. நத்தை 'நிமிர்' என்று வைத்ததற்கு அவள் 'மூச்சு' என்று வைத்திருந்தாள். கவிதை வந்தால் ஒவ்வொரு வரியையும் முதல் வாக்கியமாக எண்ணிக்கொள்ளும் அந்தத் தவறு இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. நல்ல யோசனை இரண்டு பேருக்குத் தனித்தனியாக வரலாம். தவறு அப்படி வராது.

அவளுடையது என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் சும்மா இருக்கச் சொல்லும் வரி. அது நத்தையிடம் இல்லை. அது இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் வந்ததும் சித்தி நின்றுவிடுவாள். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று விரல் தயங்கியது. பிறகு மேலே இருந்தது முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த வரியும் போயிற்று. வேண்டுமானால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், தனியாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் சேர்த்து முடிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. காரணத்தை எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

*

சின்னவள் தேநீரோடு வந்தபோது அவள் எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தாள். விசைகளைத் தட்டும் ஓசையிலிருந்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பேக்ஸ்பேஸ் தேஞ்சுடும்."

"நத்தைக்கு எழுதறேன். எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"நூலகத்தம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் இதேதான். விழாவுக்கு வரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"வராம இருந்துட்டா? உடம்பு சரியில்லன்னு நெனச்சுப் பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க அவங்க." சின்னவள் தேநீரை ஊதினாள். "கதையச் சொன்னது மேடையில. இதயும் அங்கயே சொல்லு. நான் வரேன், பக்கத்துல உக்கார்றேன். பழைய கதைக்கு வரமாட்டேன், இதுக்கு வரேன்."

பெரியவளுக்கு அந்த மேடையும் வரிசை நாற்காலிகளும் கண்முன் வந்தன.

"உனக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? நத்தைக்கா, எனக்கா?"

"உனக்கு."

சின்னவள் கோப்பையை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தாள். "நீ சொன்ன கதை நல்லா இருந்துச்சுக்கா. அதான் கஷ்டமா இருந்துச்சு. நூலகத்தம்மா சொல்லும்போது, அட, நடந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்." தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடித் தரையைத் தடவினாள். "சரி, என்ன எழுதியிருக்க? படி."

பெரியவளின் கை பழக்கத்தில் சித்தியை இயக்கும் பொத்தானுக்குப் போயிற்று.

"அவ வேணாம்," என்றாள் சின்னவள். "நீ படி."

பெரியவள் நாற்காலியைத் திருப்பினாள். முட்டி தங்கையின் முட்டியில் இடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "நாங்கள் எல்லோரும் எங்கள் ஓய்வு நேரத்தில், எந்த ஊதியமும் இன்றி இந்தப் பணியைச் செய்வதால், வந்து குவியும் திருத்தங்களை உரிய காலத்தில்..."

"வெட்டு."

"இன்னும் வாக்கியமே முடியலடி."

"அவரும் சும்மாதானே எழுதினாரு? அவரும் ஓய்வு நேரத்துலதானே? இந்தப் பூசி மெழுகறதெல்லாம் எடு. என்ன பண்ணினேன்னு சொல்லு."

பெரியவள் அழித்தாள். அழித்துக்கொண்டே போனதில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. அலுவலக வேலை போயிற்று. நீண்ட வரிசை போயிற்று. 'என்னையறியாமல்' என்ற சொல்லின்மேல் கொஞ்ச நேரம் விரல் நின்றது. அது உண்மைதான். இருந்தாலும், அந்தச் சொல் வாக்கியத்தின் முன்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றது. அதையும் எடுத்தாள். மிஞ்சியது நாலைந்து வரிகள்தான். அவற்றைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, துணியில்லாமல் நிற்பதைப் போல.

"படி."

"'வாசிக்கும்போது நிமிர்ந்து பார்க்கும் அந்த இடத்தை எழுதியவர் நத்தை, நான் இல்லை.'"

அடுத்த வரிக்குப் போகவேண்டும். கண் திரையில் இருக்க மறுத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் தங்கையின் பாதி முகத்தில் விழுந்திருந்தது. அந்தக் கண்கள் வழக்கம்போல அவளைத் தாண்டி, சுவரில் எங்கோ நிலைத்திருந்தன. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

வெளியே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியை யாரோ டங்கென்று போட்டார்கள்.

"தூங்கல," என்றாள் சின்னவள். "மேல படி."